ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் லூபஸ்தானா?

வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் குறைவு, போதாக்குறைக்கு, சொந்த உடலின் அணுக்கருவைக் குறிவைக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. பரிசோதனையும் பாசிட்டிவ். உடனே 'லூபஸ்' (நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) என்று முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு. லெய்ஷ்மானியா என்ற ஒட்டுண்ணியால் வரும் காலா-அசார் நோயும் அச்சு அசலாக இப்படித்தான் வரும்.

லெய்ஷ்மானியா ஒட்டுண்ணி பெருகும்போது, எதிர்ப்பொருள் உருவாக்கும் பி செல்கள் வகைதொகையின்றித் தூண்டப்படுகின்றன. ஒட்டுண்ணியைத் தாக்கும் எதிர்ப்பொருள்களோடு, சொந்த உடலின் அணுக்கருவைக் குறிவைப்பவையும் மூட்டுவாத நோயில் காணப்படும் ருமாட்டாய்டு ஃபேக்டர் என்ற எதிர்ப்பொருளும் சேர்ந்தே உருவாகின்றன. ஒட்டுண்ணி ஒழிந்தால் இவையும் பெரும்பாலும் தணிந்துவிடும். அதற்குள் லூபஸ் என்று நம்பி நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால், ஒட்டுண்ணிக்குக் கதவைத் திறந்துவிட்ட கதைதான். எலும்பு மஜ்ஜையில் ஒட்டுண்ணியைத் தேடிப் பார்க்காமல் அந்த மருந்தைத் தொடங்கக் கூடாது. லெய்ஷ்மானியாவுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் காட்டும் ஆர்.கே.39 பரிசோதனை உதவும். ஆனால் குணமான பிறகும் அது நெடுநாள் பாசிட்டிவாகவே நிற்கும் என்பதால், முன்பு காலா-அசார் வந்தவரிடம் அதை மட்டும் நம்ப முடியாது.

ஸ்டீராய்டு விஷயத்தில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு இன்னும் மோசம். பல ஆண்டுகள் சத்தமின்றிக் குடலில் கிடப்பது, ஸ்டீராய்டு கிடைத்ததும் கட்டுக்கடங்காமல் பெருகும். குடல் பாக்டீரியாக்களையும் இரத்தத்துக்குள் இழுத்துச் செல்லும். உயிரே போகலாம்.

அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்ற சொல்லோடு நின்றுவிடுவதும் தவறு. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், 1:40 நீர்ப்பில் (இரத்த நீரை 40 மடங்கு நீர்த்துப் பார்த்தபோது) ஆரோக்கியமானவர்களிலேயே 100க்குச் சுமார் 32 பேருக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:160இல் 5 பேர். அளவைப் பார்க்காமல் பயப்படுவதில் அர்த்தமில்லை.

மலேரியாவில் கார்டியோலிபின் என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள் தற்காலிகமாகத் தோன்றலாம்; சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். பரிசோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். முதலாவதைக் குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்; இரண்டாவதை சிஃபிலிஸுக்கே உரிய டி.பி.எச்.ஏ. போன்ற பரிசோதனையால் சரிபார்க்க வேண்டும். குழப்பம் எதிர்த்திசையிலும் நடக்கும்: ருமாட்டாய்டு ஃபேக்டர் உள்ளவரிடம் சில மலேரியா விரைவுப் பரிசோதனைகள் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டியதுண்டு. இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

'தொற்றில் இதெல்லாம் சகஜம்' என்று எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளுவதும் சரியல்ல. மலேரியாவில் செல் சவ்வில் உள்ள பாஸ்பாட்டிடைல்செரின் என்ற கொழுப்புப் பொருள் மீதான எதிர்ப்பொருள்கள், தொற்றாத சிவப்பணுக்களையும் அழிக்கத் துணைபோவதாகவும் இரத்தசோகையோடு தொடர்புடையவை என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒட்டுண்ணி ஒழிந்த பின்னும் எதிர்ப்பொருள் குறையாமல், மூட்டுவீக்கமோ சிறுநீரில் புரதமோ தொடர்ந்தால், அப்போது லூபஸைத் தேட வேண்டும்.