வெட்டை நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும் முறையும், அம்முறை உருவான வரலாறும்

நெல்லைச் சீமையில் சிறுநீர் கடுத்தால் முதலில் சொல்லப்படும் காரணம் உடம்புச் சூடு. பதநீரும் நுங்கும் நன்னாரித் தண்ணீரும் குடித்து இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். கத்திரி வெயிலில் நீர் போதாமல் வந்த கடுப்பானால் அதிலேயே தணிந்தும் விடும். ஆனால் உடலுறவு கொண்ட சில நாட்களுக்குள், பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாட்களில், கடுப்போடு சீழ் போன்ற மஞ்சள் அல்லது வெண்ணிறக் கசிவும் ஓர் ஆணுக்கு வருமானால், அதைச் சூடு என்று தள்ளிவிடக் கூடாது. மருத்துவர்கள் கொனோரியா என்று எழுதும் வெட்டை நோயாக அது இருக்கக்கூடும். பெண்களில் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது என்பதே இந்நோயின் பெரிய கொடுமை. பேச்சு வழக்கில் வெள்ளைபடுதலையும் வெட்டையையும் ஒன்றாகக் கலந்து சொல்வதுண்டு. வெள்ளைபடுவதெல்லாம் இந்நோய் ஆகாது என்பதையும், பரிசோதனை செய்யாமல் எவரும் எதையும் முடிவு செய்ய இயலாது என்பதையும் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் போகும் முன் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை எதையும் விழுங்காதீர்கள். 1879-இல் ஆல்பர்ட் நைசர் சீழில் இந்தக் கிருமியைக் கண்டறிந்த பிறகுதான், இது சிபிலிஸ் என்னும் மற்றொரு பால்வினை நோயிலிருந்து வேறானது என்பது ஐயமின்றி நிலைபெற்றது. இன்றும் சீழை எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது முக்கியமான ஒரு சோதனையாகவே இருக்கிறது. அரைகுறையாகத் தின்ற மாத்திரை அந்தத் தடயத்தை அழித்துவிடும், கிருமியையோ முழுவதும் அழிக்காது. 1930-களின் பிற்பகுதியில் சல்ஃபா மருந்துகள் வந்தபோது நோய் ஒழிந்தது என்றே பலர் நம்பினார்கள். பத்தாண்டுக்குள் கிருமி அவற்றுக்கு அடங்காமற் போயிற்று. அடுத்து வந்த பென்சிலினுக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. 1976-இல் அதைச் சிதைக்கும் நொதியையே சுரக்கும் வகைகள் கண்டறியப்பட்டன. டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் ஆகிய மருந்துகளுக்கும் அதே கதி நேர்ந்தது. இன்று பெரிதும் நம்பப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் செஃபிக்ஸைம் மாத்திரையும் எஞ்சியிருக்கும் மிகச் சில ஆயுதங்களில் அடங்குவன. ஆகவே, பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரம் ஒட்டி, லாட்ஜ் அறையில் உட்கார்ந்து ரகசியமாக ஊசி போடுகிறவரிடம் போவது உங்களை மட்டும் கெடுப்பதன்று, மருந்துக்கு அடங்காத கிருமி பிறருக்கும் பரவ இடம் கொடுப்பதுமாகும்.

போக வேண்டிய இடம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கும்போது நோயைச் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. பால்வினை நோய்ப் பிரிவு என்று கேட்டால் போதும். அரசு மருத்துவமனைகளில் இப்பிரிவுக்குச் சுகவாழ்வு மையம் என்றும், எச்.ஐ.வி. சோதனை செய்யும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்றும் பெயர். தொலைவில் இருப்பவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் அருகிலுள்ள மையத்தைக் கேட்டறியலாம். ஆண்கள் சோதனைக்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்தால் நல்லது. மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சிபிலிஸ், எச்.ஐ.வி. சோதனைகளையும் அன்றே செய்துகொள்ளுங்கள். ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அறிகுறியைக் கொண்டே மருந்து கொடுக்கும் முறையும் உண்டு. சிறுநீர்க் குழாய்க் கசிவுக்கு உரிய சாம்பல் நிற உறையிலுள்ள மாத்திரைகளை அங்கேயே விழுங்கிவிடுவதே சிறந்தது.

பெயரைக் காக்கும் இந்த ஏற்பாடு எளிதில் வந்ததன்று. வெள்ளையர் ஆட்சியில், படைவீரர்களை நோயிலிருந்து காப்பதற்கென்று 1868-இல் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி பெண்களைப் பெயர்ப்பதிவு செய்து, கட்டாயமாக உடற்சோதனைக்கு உட்படுத்தி, நோய் கண்டால் லாக் ஆஸ்பத்திரி எனப்பட்ட இடங்களில் அடைத்தார்கள். அவர்களிடம் வந்துபோன ஆண்களை அந்தச் சட்டம் தேடவில்லை. பெண்கள் அஞ்சி ஒளிந்தார்கள், நோயும் அவர்களோடு ஒளிந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 1888-இல் சட்டம் நீக்கப்பட்டது. 1946-இல் தொடங்கிய பால்வினை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. மருத்துவத்தோடு ஆலோசனையும் ரகசியமும் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதை எச்.ஐ.வி. எல்லோருக்கும் உணர்த்தியது.

துணையையும் அழைத்து வருவதுதான் இம்மருத்துவத்தில் மிகக் கடினமான படி, என் கருத்தில் மிக முக்கியமானதும் அதுவே. கடந்த இரண்டு மாதங்களுக்குள் உறவு கொண்ட ஒவ்வொருவருக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும், செய்தி போக வேண்டும். மும்பையிலோ வளைகுடா நாட்டிலோ வேலை பார்த்துவிட்டு, கோயில் கொடைக்கு ஊருக்கு வந்த இடத்தில் நோயை உணர்கிறவர்கள், அங்கிருப்பவருக்குத் தொலைபேசியில் சொல்லலாம். வீட்டில் மனைவியிடம் சொல்ல நா எழாவிட்டால், ஆலோசகரின் உதவியோடு சொல்லலாம். மருத்துவம் செய்யப்படாத நோய் பெண்ணின் கருக்குழாயை அடைத்துவிடக்கூடும். பிள்ளையில்லை என்று ஊரார் அந்தப் பெண்ணையே குறை சொல்ல, காரணம் கணவன் மறைத்த வெட்டையாக இருப்பது எவ்வளவு பெரிய அநீதி!

கருவுற்றிருப்பவர் தமக்கோ கணவருக்கோ ஐயம் இருந்தால் பேறுகாலச் சோதனையின்போதே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பிறக்கும் குழந்தையின் கண்களை இக்கிருமி பாதிக்கும். லைப்சிக் நகர மருத்துவர் கார்ல் கிரேடே 1880-இல் பிறந்த குழந்தைகளின் கண்களில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடத் தொடங்கியபோது, அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்தளவில் இருந்த அந்தக் கண்நோய் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. பிறந்த சில நாட்களுக்குள் குழந்தையின் கண் வீங்கிச் சீழ் வடிந்தால் தாய்ப்பால் பீய்ச்சிவிட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

மருந்து எடுத்த நாளிலிருந்து ஏழு நாட்கள், துணையும் மருத்துவம் முடிக்கும்வரை, உடலுறவைத் தவிர்க்க வேண்டும். அதன் பிறகு ஆணுறை அணிவது மறுதொற்றைத் தடுக்கும். மருந்து எடுத்த சில நாட்களில் கசிவு நிற்காவிட்டால் வேறு மருத்துவரைத் தேடி அலையாமல், என்ன மருந்து எப்போது எடுத்தீர்கள் என்ற சீட்டோடு அதே பிரிவுக்குத் திரும்பிச் சென்று, கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்கும் சோதனையைக் கேளுங்கள்.