மின்னிதழ்ச் சந்தாக்களை ஒரே அட்டவணைக்குள் அடக்குவது எப்படி

மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால் 2025 ஜனவரி முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒரு தளம், ஒரு நிர்வாகக் கணக்கு. நூலகமே பணம் கட்டும் சொந்தச் சந்தாக்கள் வேறு. இவையெல்லாம் ஒரு நூலகரின் நினைவில் மட்டும் இருந்தால், அவர் மாறுதலாகிப் போகிற அன்று நூலகம் தடுமாறும்.

எனவே ஒரே எக்செல் அட்டவணையில் இரண்டு தாள்களாக எழுதிவையுங்கள். முதல் தாளில் பதிப்பகத்துக்கு ஒரு வரி. தளம், சந்தா தொடங்கும் முடியும் தேதிகள், கொடுத்திருக்கும் ஐபி எண்கள் (நம் வளாகத்தை இணையத்தில் அடையாளம் காட்டும் எண்கள்; இவற்றைப் பார்த்தே தளம் திறக்கும்), சந்தா நின்ற பிறகும் பழைய இதழ்களைப் படிக்கும் உரிமை உண்டா என்பது. 'புதுப்பிக்கவில்லை' என்று சொல்வதற்கான கெடுவும் வேண்டும். ஒப்பந்தத்தில் 60 நாள், 90 நாள் என்று எங்காவது ஒளிந்திருக்கும். நிர்வாகக் கணக்கு நூலகத்தின் பொது மின்னஞ்சலில் இருக்கட்டும். பாஸ்வேர்டை இந்தத் தாளில் எழுதாதீர்கள்.

இரண்டாம் தாள் இதழ்ப் பட்டியல். இதைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. பெரிய பதிப்பகங்கள் 'கேபார்ட்' என்ற பொது வடிவில் கோப்பு தருகின்றன. டேப் குறியால் பிரித்த உரைக் கோப்பு. நேராக எக்செலில் திறந்தால் 1997-01 என்ற தேதி 'ஜன-97' ஆகிவிடும். டேட்டா மெனு வழியாக இறக்கி, எழுத்துக் குறியாக்கமாக யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து, எல்லா நெடுவரிசைகளையும் 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள்.

பட்டியல்களை ஒப்பிடும்போது இதழின் பெயரை நம்பக்கூடாது. ஒருவர் 'அண்ட்' என்று எழுதுவார், இன்னொருவர் '&' குறியீடு போடுவார். இதழுக்கென்று உள்ள தனி எண்ணான ஐஎஸ்எஸ்என் வைத்தே ஒப்பிடுங்கள், அச்சு எண், இணைய எண் இரண்டையும். திட்டத்தில் வரும் இதழுக்குத் தனியாகவும் பணம் கட்டுகிறோமா என்பது இங்கேதான் தெரியும். எந்தக் காலத்து இதழ்கள் கிடைக்கும் என்று சொல்லும் தடைக்கால நெடுவரிசையில் பலர் சறுக்குவார்கள்: 'பி1ஒய்' என்றால் கடைசி ஓராண்டு கிடைக்காது, 'ஆர்1ஒய்' என்றால் கடைசி ஓராண்டு மட்டுமே கிடைக்கும்.

தளம் திறக்கவில்லை என்ற புகார்களில் பல ஐபி தொடர்பானவை. 10 அல்லது 192.168 என்று தொடங்கும் உள்வலை எண்ணைப் பதிப்பகத்துக்குக் கொடுத்துப் பயனில்லை. வளாகம் வெளியே காட்டும் பொது எண்ணே தேவை. கணினிப் பிரிவிடம் எழுத்தில் வாங்குங்கள். எல்லாத் தளங்களும் ஒரே நாளில் மூடினால் இணைய இணைப்பு மாறி அந்த எண்ணும் மாறியிருக்கும். ஒரு தளம் மட்டும் மூடினால் சந்தா முடிந்திருக்கலாம். அல்லது யாரோ மென்பொருள் வைத்து நூற்றுக்கணக்கில் பிடிஎஃப் இறக்கியிருக்கலாம். ஒருவர் செய்ததற்கு, அதே ஐபி வழியே போகும் வளாகம் முழுக்கப் பூட்டப்படும். ஃபயர்வால் பதிவைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்த பிறகு பதிப்பகத்துக்கு எழுதுங்கள்.

சொந்தச் சந்தாவைப் புதுப்பிக்குமுன் பயன்பாட்டை எண்ணிப் பதிப்பகங்கள் பொது வடிவில் தரும் 'கவுண்டர்' அறிக்கைகளில், இதழ்ப் பயன்பாட்டைக் காட்டும் டிஆர்-ஜே1 எடுங்கள். கட்டிய தொகையை 'யுனிக் ஐட்டம் ரிக்வெஸ்ட்ஸ்' எண்ணால் வகுங்கள்: 1,20,000 ரூபாய், 400 பயன்பாடு என்றால் ஒன்றுக்கு 300 ரூபாய். 'டோட்டல்' எண்ணை எடுத்தால் ஒரே கட்டுரையை ஒருவர் ஒரே அமர்வில் வலைப்பக்கமாகவும் பிடிஎஃப்பாகவும் திறந்தது இரண்டாகிவிடும். டிஆர்-ஜே2 அறிக்கையையும் விடாதீர்கள். நம்மிடம் இல்லாத எந்த இதழை வாசகர்கள் தட்டிப் பார்த்தார்கள் என்பதை அது காட்டும்.

புதிய சந்தா வந்ததும் முகப்புப் பக்கம் திறப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள், அது எல்லோருக்கும் திறக்கும். உரிமையுள்ள மிகப் பழைய இதழிலும் மிகப் புதிய இதழிலும் ஒவ்வொரு பிடிஎஃப்பை வளாக வலையில் திறந்து பாருங்கள். பிறகு அதையே மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கும் திறந்தால் அது எல்லோருக்கும் இலவசமான கட்டுரை, சந்தா வேலை செய்வதற்குச் சான்றாகாது.