வளரிளம் பருவக் கல்வியை உங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கொண்டு வருவது எப்படி?

உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஒருவரிடம் அறிவியல் புத்தகத்தை வாங்கி, ‘வளரிளம் பருவமடைதல்’ என்ற பாடத்தைப் பிரித்துப் பாருங்கள். பூப்படைதல், மாதவிடாய், உடல் மாற்றங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தப் பாடம் வகுப்பில் எப்படி நடந்தது என்று பிறகு கேளுங்கள். “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்” என்று பதில் வந்தால், வேலையை அங்கிருந்தே தொடங்கலாம். அச்சாகியிருக்கும் பாடத்தை நடத்த வேண்டும் என்பதே உங்கள் முதல் கோரிக்கை. அதை மறுப்பது எவருக்கும் கடினம்.

அரசு ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருப்பவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 10 முதல் 19 வயது வரையுள்ளோருக்கான தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2020-இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அவர்கள் நடத்த வேண்டிய தலைப்புகளில் இனப்பெருக்க நலமும் ஒன்று. அந்த இருவர் யார் என்று தலைமையாசிரியரை நேரில் சந்தித்துக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்யவும், 30 நாட்களுக்குள் பதில் பெறவும் வழி உண்டு. ஆனால் அதை முதல் அடியாக வைக்க வேண்டாம் என்பேன். மனு போனவுடன் அது தன்மீதான புகாராகவே தலைமையாசிரியருக்குத் தோன்றும், பிறகு வகுப்பறைக் கதவு எளிதில் திறக்காது.

பிள்ளைகளிடம் போவதற்கு முன் தாய்மார்களிடம் போக வேண்டும். 2005-இல் மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்துக்கு 2007-இல் பல மாநிலங்கள் தடை விதித்தன. பாடப் பொருட்களில் இருந்த படங்கள் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. எனவே வகுப்பில் காட்டப்போகும் ஒவ்வொரு படத்தையும் பெற்றோர் முதலில் பார்க்கட்டும். மகளிர் சுயஉதவிக் குழு கூடும் மாலையில், கிராம சுகாதார செவிலியரையும் அழைத்துக்கொண்டு, அரை மணி நேரம் கேட்டுப் பெறுங்கள். அங்கே நீங்கள் உரையாற்றத் தேவையில்லை. முதன்முதலில் இரத்தத்தைப் பார்த்த அன்று என்ன நினைத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்ட ஒரு கூட்டத்தில், பூக்கட்டிக்கொண்டிருந்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் கையை நிறுத்திவிட்டு, “செத்துப்போகப் போறேன்னு நெனச்சு, சாயங்காலம் வரைக்கும் வைக்கோல் போருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தேன்” என்றார். அதன் பிறகு அங்கிருந்த பெண்களே பேசிக்கொண்டார்கள். எழுந்து போகும்போது, “எம் பேத்திக்கும் சேர்த்துச் சொல்லிக் குடுங்க” என்றவரும் அவர்தான்.

வகுப்பெடுக்க நீங்களே போவதானால், உறுப்புகளைப் பெயர் சொல்லிப் பேசப் பழகுங்கள். ‘அந்த இடம்’ என்ற சொல்லோடு வளரும் குழந்தையால், தனக்கு நேர்ந்ததை மருத்துவரிடமோ காவல் அலுவலரிடமோ தெளிவாகச் சொல்ல முடிவதில்லை. ஆண்குறி, யோனி, கருப்பை என்று கண்ணாடிமுன் நின்று பத்து முறை சொல்லிப் பாருங்கள். உங்கள் குரலில் கூச்சம் இருந்தால் வகுப்பு முழுவதும் சிரிக்கும்.

கேள்விப் பெட்டிதான் இந்த வேலையின் உயிர். ஒரே நோட்டிலிருந்து கிழித்த ஒரே அளவுத் தாள்களை எல்லோருக்கும் கொடுங்கள். கேள்வி இல்லாதவர்களும் பிடித்த பாடம் எது என்று இரண்டு வரி எழுத வேண்டும். எல்லாப் பேனாக்களும் ஒரே நேரம் ஓடினால்தான் யார் கேட்டார் என்பது வெளியே தெரியாது. நான்காக மடித்துப் பிஸ்கட் டப்பாவில் போடச் சொல்லுங்கள். பதிலை அன்றே சொல்லிவிட வேண்டாம். செவிலியருடன் உட்கார்ந்து பிரித்துப் படித்து அடுத்த வகுப்பில் சொல்லுங்கள். வெள்ளைப்படுவது நோயா என்று பெண்பிள்ளைகள் கேட்பார்கள். தூக்கத்தில் விந்து வெளியேறினால் நரம்புத் தளர்ச்சி வருமா என்று ஆண்பிள்ளைகள் கேட்பார்கள். அது இயல்பானது, உடல் பலம் எதுவும் குறைவதில்லை என்ற ஒரு வரிப் பதில், இரவு நேரத் தொலைக்காட்சி விளம்பரங்கள் ஊட்டிய பல நாள் பயத்தைத் தீர்த்துவிடும். ஆண்பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு மாதவிடாய்ப் பாடம் நடத்தும் வழக்கத்தை ஏற்காதீர்கள். கேள்வி நேரத்தை வேண்டுமானால் தனித்தனியே வைக்கலாம். பாடம் இருவருக்கும் பொதுவானது.

ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். “என்னிடம் சொன்னால் யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட ஒருவருக்குப் பாலியல் குற்றம் நேர்ந்ததை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இதை முதல் வகுப்பிலேயே மென்மையாகச் சொல்லிவிட்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள்.

இதெல்லாம் கெட்டுப்போக வழிகாட்டும் என்று யாராவது சொன்னால், 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை எடுத்துக்காட்டுங்கள். குழந்தைகளின் ஆபாசப் படங்கள் தொடர்பான வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ரத்து செய்த அத்தீர்ப்பு, அந்த அச்சம் தவறானது என்று விளக்கியதோடு, விரிவான பாலியல் கல்வித் திட்டங்களைப் பரிசீலிக்கும்படி ஒன்றிய அரசுக்கும் சொன்னது.

ஊரின் ஆதரவு கிடைத்த பிறகு அதை எழுத்தில் பதிவு செய்யுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர் என்பதால், அந்தச் சுயஉதவிக் குழுத் தாய்மார்களில் ஒருவராவது அதில் இருப்பார். தீர்மானத்தை அவரே முன்மொழியட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையிலும் அதையே வையுங்கள். ‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்று எழுதினால் ஒரு பேரணியோடு முடிந்துவிடும். எந்த வகுப்புக்கு, மாதத்தில் எத்தனை பாடவேளை, யார் நடத்துவது, எந்தத் தேதிக்குள் தொடங்குவது என்று நான்கையும் எழுதுங்கள். பதிவேட்டில் அந்த வரிகள் இருக்கின்றனவா என்று வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டு, நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.