வேதத்துக்கு வாறதெண்டா வேலிக் கதியால்ல இருந்து தொடங்குங்கோ

போன மாசமும் ஒரு தம்பி கேட்டவர், அண்ணை நான் வேதத்துக்கு, அதுதான் கிறிஸ்தவத்துக்கு, வரலாமெண்டு யோசிக்கிறன், முதல்ல என்ன செய்யிறது, திருநீறு பூசுறதை விடவேணுமோ, பேர் மாத்தவேணுமோ, நல்லூர்க் கோயில் கொடியேறினா வீட்டில மச்சம் மாமிசம் இல்லை, அப்ப நான் என்ன செய்யிறது எண்டு மூச்சுவிடாமல். நானும் பதினொரு வருசத்துக்கு முதல் இதே கேள்வியளோடதான் போதகரிட்டப் போனனான், ஆனபடியாச் சிரிக்க மனம் வரேல்ல. ஆனா தம்பி, நீர் பிடிச்சிருக்கிறது வாலை. தலை வேற பக்கம் கிடக்கு.

முதல் வேலை, ஏன் வாறன் எண்டு உங்களிட்டயே கேளுங்கோ. 1816 இல அமெரிக்கன் மிஷன்காரர் இஞ்ச யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1823 இல வட்டுக்கோட்டை செமினறி, அடுத்த வருசம் உடுவில் மகளிர் பாடசாலை எண்டு தொடங்கின காலத்தில இருந்தே "படிப்புக்கும் உத்தியோகத்துக்கும்தான் உவை வேதத்துக்குப் போனவை" எண்டு ஊருக்குள்ள ஒரு கதை இருக்கு. முழுக்கப் பொய்யெண்டும் சொல்லேலாது. இப்ப அது கலியாணமா, வெளிநாடா, நோய் வருத்தம் மாறினாக் காணும் எண்டதா மாறியிருக்கு. கலியாணத்துக்காக எண்டா பாதரிட்டயோ பாஸ்டரிட்டயோ அப்பிடியே சொல்லுங்கோ, அதில வெக்கப்பட ஒண்டுமில்லை, ஒளிச்சாத்தான் பிழை. ஆரும் காசோ சாமானோ காட்டிக் கூப்பிட்டா அந்தப் பக்கம் போகாதேங்கோ. வாசிச்சு அறிஞ்சாக் காணும் எண்டும் நினையாதேங்கோ. பேர்சிவல் பாதிரியாரோட இருந்து பைபிளைத் தமிழாக்க உழைச்ச ஆறுமுக நாவலர் எங்களை விடப் பத்து மடங்கு அதைத் தெரிஞ்சவர், கடைசிவரைக்கும் சைவர்தான். நம்பாததை நம்பினன் எண்டு சொல்லாத அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது கிருபை எண்ட சொல்லு. இது எங்கட ஆக்களுக்கு லேசில பிடிபடாது, ஏனெண்டா நாங்கள் நேத்தி வைச்சுப் பழகின சனம், பெடியன் சோதனை பாஸ் பண்ணினாக் காவடி எண்டு சைவ ஆக்களும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி எண்டு வேதக்காரரும் ஒரே மாதிரித்தான் பேரம் பேசுறம். கிருபை உதில்லை, அது கடவுள் சும்மா தாறது. வருசப்பிறப்புக்குப் பெரியப்பா தாற கைவிசேசக் காசை நினைச்சுப் பாருங்கோ. அதை வாங்கிப்போட்டு "எவ்வளவு பெரியப்பா, ஆவணிக்குள்ள திருப்பித்தாறன்" எண்டா மனுசனுக்கு மனம் நோகாதோ? வாங்குறதுதான் மரியாதை. எபேசியர் ரெண்டாம் அதிகாரம் எட்டாம் ஒன்பதாம் வசனம் கனபேருக்குப் பாடம், கிருபையால, விசுவாசத்தைக் கொண்டு, கிரியையால, அதுதான் எங்கட செயலால, இல்லை எண்டு. பத்தாம் வசனத்தை விட்டிடுவினம். அதிலதான் நல்ல வேலை செய்யிறதுக்கெண்டே எங்களை உண்டாக்கினவர் எண்டு கிடக்கு. எட்டுக்குப் பிறகுதான் பத்து, பத்தைக் குடுத்து எட்டை வாங்கேலாது, எட்டை வாங்கிப்போட்டுப் பத்தை மறக்கவும் ஏலாது.

ஜெபம் பண்ணத் தெரியாது எண்டு சொல்லாதேங்கோ. பிரசங்கத் தமிழ் ஒண்டும் வேண்டாம். கதவைச் சாத்திப்போட்டு வீட்டில கதைக்கிற தமிழில, "ஆண்டவரே நான் இன்ன இன்னது செய்தனான், இதை என்னால கழுவ ஏலாது, யேசு எனக்காகச் செத்து உயிர்த்தவர் எண்டு நம்புறன், என்னை எடுத்துக்கொள்ளும்" எண்டு சொல்லுங்கோ. "நான் பாவி" எண்டு பொதுவாச் சொல்லுறது லேசு, "மச்சானின்ர சீட்டுக்காசில கை வைச்சனான்" எண்டு சொல்லேக்கதான் தொண்டை அடைக்கும். அடைக்கட்டும்.

இனித்தான் கஷ்டமான இடம். லூக்கா பத்தொன்பதில சகேயு எண்ட வரி வாங்கிற ஆயக்காரன் காட்டத்தி மரத்தில ஏறி நிக்க, யேசு அவனைப் பாத்து முதல்ல "இறங்கி வா, இண்டைக்கு உன்ர வீட்டிலதான் தங்கவேணும்" எண்டுதான் சொல்லுறார். காசு திருப்பிக்குடு எண்டு கேக்கேல்ல. விருந்தாளி வந்த பிறகு சகேயுதான் தானா எழும்பி, பாதிச் சொத்து ஏழையளுக்கு, ஏமாத்தினதுக்கு நாலத்தனை, நாலு மடங்கு எண்டு சொல்லுறான்.

எனக்கு அதை வாசிக்க எங்கட மேற்குப்பக்க வேலிதான் கண்ணுக்குள்ள வந்தது. பூவரசும் கிளுவையும் நிண்ட வேலி. ஒவ்வொருக்கா அடைக்கேக்கயும் கதியால், அதுதான் வேலிக்கு ஊண்டுற தடி, ஒரு விரக்கடை அங்கால போகும், இஞ்ச அதை ஆரும் களவெண்டு சொல்லுறேல்ல. ஞானஸ்நானத்துக்கு ரெண்டு மாசம் இருக்கேக்க காணி உறுதியை எடுத்து வைச்சு நூல் பிடிச்சுப் பாத்தன், ஒரு முழத்துக்குக் கிட்ட பக்கத்து வீட்டு ஆச்சியின்ர காணிக்குள்ள நிக்கிறம். ரெண்டு பெடியளைப் பிடிச்சுக் கதியாலைக் கிளப்பினன். ஆச்சி ஓடிவந்தா. "என்ன ராசா, காணி விக்கப்போறியளோ, லண்டன்காரர் ஆரும் வரினமோ?" எண்டா. இல்லை ஆச்சி, இது உங்கட நிலம்தான் எண்டன். கனநேரம் என்னையும் கதியால் கிளப்பின குழியளையும் மாறிமாறிப் பாத்துப்போட்டு, "அப்ப அந்த முருங்கை?" எண்டு கேட்டா. அதுவும் உங்கடதான் எண்டன், எனக்கு உண்மையா அந்த முருங்கைதான் கவலை, நல்ல காய். நாலத்தனை குடுக்கவேணும் எண்டா எங்களிட்டக் காணி காணாது, அது வேற கதை.

நன்றி வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்காதேங்கோ. ஆச்சி ஆறு மாசமா "பாத்தியளே, முந்திக் களவெடுத்தது உண்மைதானே" எண்டு ஊரெல்லாம் சொன்னா. அம்மா என்னோட கதைக்கேல்ல, செத்த அப்பாவைக் கள்ளனாக்கிப்போட்டாய் எண்டு. அதில அம்மா சொன்னது சரி, நான் உறுதியைத் தூக்கிக்கொண்டு நாலு பேருக்கு முன்னால கதைச்சிருக்கக் கூடாது. திருப்பிக் குடுக்கிறதைச் சத்தமில்லாமல் குடுங்கோ, தாய் தேப்பன்ர பிழையைச் சாட்சி சொல்லுறன் எண்டு மைக்கில சொல்லாதேங்கோ.

வீட்டு விசயம். வெளியில ஆரும் சொல்ல முதல் அம்மா அப்பாவிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்கோ. நான் செய்த மடைத்தனம், புது உற்சாகத்தில சாமிப்படத்தைக் கழட்டிக் கட்டிலுக்குக் கீழ வைச்சது. அம்மா அண்டிரவு சாப்பிடேல்ல. அது அவவின்ர வீடு, அவவின்ர படம், எனக்கு அதில என்ன உரிமை? அடுத்தநாள் நானே திருப்பிக் கொழுவிவிட்டன். கொடியேறின நாளில அவ மச்சம் சமைக்கேல்லை எண்டா மரக்கறியைச் சாப்பிட்டுப்போட்டுப் பேசாமல் இருக்கலாம், அதால ஒரு விசுவாசமும் குறையாது. திருநீற்றை நான் விட்டிட்டன், பூசாமல் நிக்கிறதுக்கு ஒரு பேச்சும் தேவையில்லை. சாமிக்குப் படைச்சதைச் சாப்பிடலாமோ எண்டதுக்குச் சபைக்குச் சபை மறுமொழி வேற, கொரிந்தியருக்கு எழுதின முதல் கடிதத்தில எட்டும் பத்தும் அதிகாரத்தை வாசிச்சுப்போட்டு உங்கட போதகரோட கதையுங்கோ. மூத்த ஆம்பிளைப்பிள்ளை எண்டா கொள்ளி வைக்கிற விசயத்தைச் செத்தவீட்டில வைச்சுக் கதைக்காமல் இப்பவே தம்பியோட இருந்து கதைச்சு முடியுங்கோ. பாடை தூக்க, பந்தல் போட, தேத்தண்ணி குடுக்க உங்களை ஒருத்தரும் மறிக்கப்போறதில்லை, அதில முன்னுக்கு நில்லுங்கோ.

சபை எண்டா ஒண்டில நில்லுங்கோ, கிழமைக்கு ஒண்டா மாறித்திரியாமல். கத்தோலிக்கக் கோயில் எண்டா வளந்த ஆக்களுக்கு மறைக்கல்வி வகுப்பு, வழக்கமா உயிர்ப்பு ஞாயிறுக்கு முதல்நாள் இரவுப் பூசையில திருமுழுக்கு. பெந்தெகொஸ்தே சபையில தண்ணிக்குள்ள முழுசா அமிழ்த்தி எடுப்பினம். அவசரப்படாதேங்கோ. ஆனா ஒண்டை மட்டும் போகேக்கயே முடிவெடுங்கோ, இஞ்ச நாலு தலைமுறையா வேதக்காரரா இருக்கிற வீட்டிலயும் கலியாணம் பேசேக்க சாதியும் சீதனமும் முன்னுக்கு வந்து நிக்கும், திருவிருந்தில ஒரே கிண்ணத்தில குடிச்சுப்போட்டு வந்து "அவை எங்கட ஆக்களோ" எண்டு கேப்பினம். அதை அவையிட்டப் பழகாதேங்கோ.

வாசிக்கிறதுக்கு லூக்காவை எடுங்கோ, 24 அதிகாரம், நாளுக்கு ஒண்டு, போனைத் தூக்க முதல். இடையில விழுவியள், நானும் விழுந்தனான், விழுந்த உடன "இனிமேல் நாப்பது நாள் உபவாசம்" எண்டு திரும்ப நேத்திக்குப் போயிடாதேங்கோ. சொல்லிப்போட்டு எழும்பி நடவுங்கோ.

பேர் மாத்துறதைப் பற்றிக் கேட்டீர் எல்லோ தம்பி. பவுலோட சேந்து உழைச்ச அப்பொல்லோவின்ர பேரே கிரேக்கத் தெய்வத்தின்ர பேரில இருந்து வந்தது, ஒருத்தரும் மாத்தச் சொல்லேல்ல. என்ர அடையாள அட்டையில இப்பவும் முருகன்ர பேர்தான்.