மேசைப் போருக்கு டாங்கி வாங்குமுன்: எந்த ஸ்கேல்?

பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்கு என்று நான் முதலில் வாங்கியது 1/35 அளவில் ஒரு ஜெர்மன் டைகர் டாங்கி. மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டி, பெயிண்ட் அடித்து, காய வைத்து, ஆசையாக மேசையில் கொண்டுபோய் வைத்தேன். பீரங்கிக் குழலோடு சேர்த்து 24 செ.மீ. நான் அட்டையில் செய்து வைத்திருந்த தெருவுக்குள் அது நுழையவே இல்லை. இன்றைக்கு அது புத்தக அலமாரியில் காவல் நிற்கிறது. அந்தத் தண்டச் செலவு உங்களுக்கு வராமலிருக்க, இதோ வழி.

படி 1: பெட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள்

அந்த எண்தான் ஸ்கேல். 1/72 என்றால், அசல் டாங்கியை 72 ஆல் வகுத்த அளவு. கீழே உள்ள எண் கூடக் கூட மாடல் சிறுத்துக்கொண்டே போகும். அமெரிக்க ஷெர்மனின் நீளம் ஏறக்குறைய 5.84 மீட்டர், அதாவது 584 செ.மீ. வகுத்துப் பாருங்கள்: 1/35 இல் 16.7 செ.மீ., 1/56 இல் 10.4, 1/72 இல் 8.1, 1/100 இல் 5.8, 1/285 இல் வெறும் 2 செ.மீ. கடைசியில் சொன்னது உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

இந்த எண்களுக்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தது. உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டுமே என்று உடலின் அளவை முடிவு செய்தார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் 1/35 வந்தது. 1/72 இல் ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குலம். 1/76 பிரிட்டனின் பொம்மை ரயில்களோடு வந்த அளவு.

படி 2: மில்லிமீட்டரை நம்பி ஏமாறாதீர்கள்

விளையாட்டுக்காரர்கள் 28 மி.மீ., 20 மி.மீ., 15 மி.மீ., 6 மி.மீ. என்றுதான் பேசுவார்கள். அது டாங்கியின் அளவே இல்லை. சிப்பாய் பொம்மையின் உயரம். அதிலும் சிலர் உள்ளங்கால் முதல் கண் வரை அளப்பார்கள், சிலர் உச்சந்தலை வரை. ஆகவே ‘28 மி.மீ.’ என்று ஒரே பெயரில் வரும் இரண்டு நிறுவனங்களின் பொம்மைகளைப் பக்கத்தில் நிறுத்தினால், ஒன்று அண்ணன், ஒன்று தம்பி.

கைக்கணக்கு இது: 28 மி.மீ. பொம்மைக்கு 1/56 டாங்கி, 20 மி.மீ.க்கு 1/72 அல்லது 1/76, 15 மி.மீ.க்கு 1/100, 6 மி.மீ.க்கு 1/285 அல்லது 1/300.

28 மி.மீ. பொம்மைகளோடு 1/48 டாங்கிகளை ஓட்டுகிறவர்களும் உண்டு. பொம்மைகளின் தலையும் கையும் கொஞ்சம் பெரிதாகவே வார்க்கப்படுகின்றன. காலடியில் தடித்த தட்டு வேறு. அதனால் பெரிய டாங்கி பொருந்துவது போலவே தெரியும். தப்பில்லை. ஆனால் 1/48 ஐயும் 1/56 ஐயும் ஒரே படையில் கலக்காதீர்கள். டைகரின் உடல் ஒன்றில் 13 செ.மீ., இன்னொன்றில் 11 செ.மீ. எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும். 1/72, 1/76 கலப்பு பரவாயில்லை. ஷெர்மனில் வித்தியாசம் 4 மி.மீ.தான். ஒரே வகை டாங்கியை அடுத்தடுத்து நிறுத்தாத வரை யாரும் கேட்க மாட்டார்கள்.

படி 3: எந்தச் சண்டை என்று முடிவு செய்யுங்கள்

டாங்கியை மறந்துவிட்டு, மேசையில் என்ன நடக்க வேண்டும் என்று யோசியுங்கள். 1944 ஜூன் 13 அன்று நார்மண்டியின் வில்லர்ஸ்-போகாஜ் ஊரில் நடந்தது தெருச்சண்டை. சந்துக்குள் டைகர்கள், வீட்டு மறைவில் பிரிட்டிஷ் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள், ஜன்னல்களில் காலாட்படை. ஒரு டாங்கி மூலை திரும்புவதே பெரிய நிகழ்ச்சி. இதற்கு 1/56 அல்லது 1/72. கதவும் ஜன்னலும் தெரிய வேண்டும், சிப்பாய் கையில் என்ன வைத்திருக்கிறான் என்பதும் தெரிய வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1943 ஜூலை 12, ரஷ்யாவின் புரோகோரொவ்காவில் நூற்றுக்கணக்கான டாங்கிகள் திறந்த வெளியில் மோதின. அதை 1/56 இல் ஆட நினைத்தால் கல்யாண மண்டபம்தான் பிடிக்க வேண்டும். 1/285 இல் சாப்பாட்டு மேசை போதும். இத்தனை பொடி டாங்கியா என்று இளக்காரமாகப் பார்க்காதீர்கள்: 1970களில் டன், கெம்ப் என்ற இரண்டு அமெரிக்கத் தரைப்படை அதிகாரிகள் உருவாக்கிய பயிற்சி விளையாட்டு இந்த 1/285 மாடல்களைக் கொண்டுதான் ஆடப்பட்டது.

இரண்டுக்கும் நடுவே, நாலைந்து டாங்கிகள் கொண்ட பிளட்டூன்கள் இரண்டு மூன்று, கூடவே கொஞ்சம் காலாட்படை என்றால் 1/100. ‘ஃப்ளேம்ஸ் ஆஃப் வார்’ என்ற விதிநூல் இந்த அளவுக்கு எழுதப்பட்டது. ‘போல்ட் ஆக்‌ஷன்’ என்ற இன்னொரு விதிநூல் 28 மி.மீ. உலகம், அங்கே காலாட்படைதான் கதாநாயகன், டாங்கி கௌரவ வேடம்.

படி 4: மேசையை அளந்து, அட்டையை வெட்டுங்கள்

பைசா செலவில்லாத படி இது. ஆனாலும் முக்கால்வாசிப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பழைய அட்டைப்பெட்டியில் ஷெர்மன் அளவுக்குச் செவ்வகங்கள் வெட்டுங்கள்: 1/56 க்கு 10.4 × 4.7 செ.மீ., 1/72 க்கு 8.1 × 3.6, 1/100 க்கு 5.8 × 2.6. ஒவ்வோர் அளவிலும் பத்து. உங்கள் மேசையில் இருபக்கமும் ஐந்தைந்தாக வையுங்கள். வீடுகளுக்குத் தீப்பெட்டியோ புத்தகமோ வையுங்கள். பிறகு நகர்த்திப் பாருங்கள். டாங்கிகள் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு, கார் நிறுத்துமிடம் போலத் தெரிந்தால் ஸ்கேல் பெரிது.

ஏன் இப்படி நெருக்குகிறது என்று ஒரு கணக்கு. 6 அடி மேசை 183 செ.மீ. அது 1/56 இல் அசலாக 102 மீட்டர்தான். ஒரு தெருவின் நீளம். 1/100 இல் 183 மீட்டர். 1/285 இல் 520 மீட்டர். டைகரின் 88 மி.மீ. பீரங்கியோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே ஷெர்மனைத் துளைக்கும். அதை அப்படியே காட்ட 1/100 இல் 10 மீட்டர் நீள மேசை வேண்டும். அதனால்தான் விதிநூல்கள் சுடும் தூரத்தைச் சுருக்கிவிடுகின்றன. எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட பொய் அது. மாடல் பெரிதாகப் பெரிதாகப் பொய்யும் பெரிதாகும். எந்த அளவு வரை உங்கள் கண் பொறுக்கும் என்பதை அட்டைத் துண்டுகள் சொல்லிவிடும்.

படி 5: கூட ஆடுபவரைக் கேளுங்கள்

நண்பர் ஏற்கெனவே 1/72 இல் படை வைத்திருந்தால் நீங்களும் 1/72. மேலே சொன்ன எதையும் யோசிக்க வேண்டாம். தனியாகத்தான் தொடங்குகிறீர்கள் என்றால் என் ஓட்டு 1/100 க்கு. அலமாரியில் ஒரு தட்டில் முழுப்படையும் அடங்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மூன்று டாங்கிக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம்.

படி 6: கிட் யாருக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள்

கிட் என்றால் நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் கொண்ட பெட்டி. ஒரே ஸ்கேலில் இரண்டு வகை உண்டு. காட்சிக்கான கிட்டில் செயின் பட்டையையே கண்ணி கண்ணியாகக் கோக்கச் சொல்வார்கள். முடிந்ததும் அழகு சொட்டும், முதல் ஆட்டத்திலேயே ஆன்டெனா உடையும். விளையாட்டுக்கான கிட்டில் பாகங்கள் குறைவு, தடிமன் அதிகம். படத்தை மட்டும் பார்த்து வாங்காமல், பெட்டியில் எத்தனை பாகம் என்று தேடுங்கள். நூற்றைத் தாண்டினால் நான் தொட மாட்டேன்.

படி 7: ஒன்றே ஒன்று வாங்குங்கள்

தள்ளுபடி என்று ஐந்து டாங்கிப் பெட்டிக்குப் போகாதீர்கள். ஒரு டாங்கி, அதே அளவில் நாலு சிப்பாய்கள். வந்ததும் ஸ்கேலை எடுத்து (பள்ளிக்கூட ஸ்கேலைச் சொல்கிறேன்) குழலை விட்டுவிட்டு உடலை மட்டும் அளந்து, பெட்டியில் போட்ட எண்ணால் பெருக்குங்கள். ஷெர்மன் என்றால் 584 பக்கத்தில் வர வேண்டும். 520 வந்தால் பெட்டி பொய் சொல்கிறது. மீதி நான்கையும் அங்கே வாங்காதீர்கள்.