சிக்கன் டிக்கா: மசாலா வழியாமல், குச்சி கருகாமல்

மசாலா வழிந்து கரியில் விழுந்தால் காரணம் பெரும்பாலும் தயிரில் உள்ள தண்ணீர்தான். அரை கிலோ எலும்பில்லாத கறிக்கு 150 கிராம் தயிரைத் துணியில் கட்டி 2 மணி நேரம் தொங்கவிடுகிறேன். 1 மேசைக்கரண்டி கடலை மாவை வாசம் வர வறுத்து, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், உப்பு, 2 மேசைக்கரண்டி கடுகெண்ணெயோடு கலந்தால் மசாலா கறியோடு ஒட்டும். ஃபிரிட்ஜில் 4 மணி நேரம் ஊறட்டும். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு வராத வீட்டில் தொடைக்கறிதான் பிழைக்கும்!

மூங்கில் குச்சியை அரை மணி நேரம் ஊறவைத்தாலும் நுனி கருகும். வெறும் நுனிகள் தணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். திருப்பும்போது கறி மட்டும் சுழன்று ஏமாற்றினால், ஒன்றுக்கு இரண்டு குச்சியாகக் குத்துங்கள். துண்டுகள் 3 செ.மீ. அளவில், நடுவே சிறு இடைவெளியோடு இருக்கட்டும். நெருக்கினால் உள்பக்கம் வேகாது. வெங்காயம், குடைமிளகாய்க்குத் தனிக் குச்சி, ஏனென்றால் அவை வேகும் நேரம் வேறு.

கரி சாம்பல் பூத்த பிறகே அடுக்குங்கள். திருப்பித் திருப்பி 10 முதல் 12 நிமிடம். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். கடைசியில் வெண்ணெய் தடவலாம். பச்சைக் கறி ஊறிய மசாலாவைத் தடவ வேண்டாம்.