டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு டயர்: நல்ல டயர் வாங்கிய பிறகும் நடக்கும் தவறுகள்

டிராவல் டிரெய்லர், அதாவது பிக்கப் வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் தங்கும் வண்டி, வாங்கியதும் புதியவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிராண்ட் டயர் போடலாம்?" என்றுதான். பிராண்டில் பெரிய தவறு நடப்பதில்லை. பெயருள்ள எந்த நிறுவனத்தின் டயரும், சரியான வகையில் எடுத்து, சரியான காற்றில் ஓட்டினால் உழைக்கும். தவறு வேறு இடங்களில் நடக்கிறது. ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருபவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மொட்டை டயரில் போகாதே என்பதெல்லாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

டிரெய்லரின் மொத்த எடையை வைத்து டயர் தேடுவது

டிரெய்லரின் எடையில் பெரும்பகுதியை அதன் சக்கரங்களே தாங்கிக்கொள்ளும். பிக்கப்பின் மேல் இறங்குவது ஹிட்ச்சில், அதாவது டிரெய்லரை மாட்டும் இணைப்பில், விழும் எடை. அது பொதுவாக டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ. ஹிட்ச் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், அது பின் அச்சை அழுத்தி முன் அச்சைத் தூக்கப் பார்க்கும். அதனால் பின் அச்சில் ஏறுவது ஹிட்ச் எடையைவிட அதிகம். எடையைப் பகிர்ந்து தள்ளும் ஹிட்ச் இருந்தால் அதில் ஒரு பங்கு முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் திரும்பும். இதற்கு மேல் ஜெனரேட்டர், சைக்கிள், பின் சீட்டில் பிள்ளைகள்.

இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். பயணத்துக்குப் போகிற மாதிரியே எல்லாவற்றையும் ஏற்றி, டிரெய்லரையும் மாட்டி, எடை மேடையில் ஒவ்வொரு அச்சாக நிறுத்திப் பாருங்கள். டயர் வாங்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியது அந்த எண்தான்.

எல்டி (இலகு டிரக் வகை) டயர் போட்டுவிட்டு, கதவில் எழுதியிருக்கும் காற்றைப் பிடிப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான். செலவு செய்து, அக்கறையோடு நல்லதைச் செய்ய நினைத்தவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

பல பிக்கப்புகள் தொழிற்சாலையிலிருந்து கார் வகை டயரோடு வருகின்றன. அளவுக்கு முன்னால் 'பி' என்று இருக்கும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்றழுத்தம், பெரும்பாலும் 35 பிஎஸ்ஐ அளவில் இருப்பது, அந்த டயருக்காக எழுதியது. டிரெய்லர் வந்ததும், பக்கச் சுவர் கெட்டியாக இருக்கட்டும் என்று எல்டி டயருக்கு மாறுகிறோம். சரியான முடிவுதான். ஆனால் கடைக்காரர் கதவைத் திறந்து பார்த்து அதே 35-ஐப் பிடித்து அனுப்பிவிடுகிறார்.

ஓர் உதாரணம். பி265/70ஆர்17, சுமைக் குறியீடு 113 என்றால் 1,150 கிலோ. கார் வகை டயரை பிக்கப்பில் போடும்போது அதை 1.1 ஆல் வகுக்க வேண்டும்; ஏறக்குறைய 1,045 கிலோ. இது 35 பிஎஸ்ஐ-யிலேயே கிடைக்கும். அதே அளவில் எல்டி டயர், 'ஈ' சுமை வகை, குறியீடு 121. அதாவது 1,450 கிலோ. ஆனால் அந்த 1,450 கிடைப்பது 80 பிஎஸ்ஐ-யில். 50 பிஎஸ்ஐ-யில் அது தாங்குவது சுமார் 1,120 கிலோதான். 35-க்கு இறக்கினால், கழற்றிப் போட்ட பழைய டயரைவிடக் குறைவாகத்தான் தாங்கும். கூடுதல் காசு கொடுத்து, தாங்கும் திறனைக் குறைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் புது எல்டி டயரோடு கிளம்பினார். வண்டியின் பின்பக்கம் ஆடுகிறது என்று ஹிட்ச்சைச் சரிசெய்தார், டிரெய்லருக்குள் சாமான்களை மாற்றி அடுக்கினார், கடைசியில் டிரெய்லரையே குறை சொன்னார். ஓர் ஓய்விடத்தில் டயரைத் தொட்டுப் பார்த்தபோது பின் டயர்களின் தோள்பகுதி கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது, சூடு ஏறுகிறது, உள்ளே இருக்கும் பெல்ட் ரப்பரை விட்டுப் பிரியத் தொடங்குகிறது. வெளியே எதுவும் தெரியாது. அப்புறம் ஒருநாள், நல்ல வெயிலில், முழு வேகத்தில் வெடிக்கும்.

டாஷ்போர்டு விளக்கு எச்சரிக்கும் என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்க விதிப்படி, கதவில் எழுதியுள்ள அழுத்தத்தைவிட 25 சதவீதம் குறைந்தால் அது எரிய வேண்டும். 35-க்கு அது 26 வாக்கில். உங்கள் சுமைக்கு 55 தேவை என்றால், காற்று 30-க்கு இறங்கினாலும் விளக்கு எரியாமலே இருக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். எடை மேடையில் கிடைத்த அச்சு எடையைப் பாதியாக்கி, கொஞ்சம் இடைவெளி சேர்த்து, டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையில் உங்கள் அளவுக்கு நேரே இருக்கும் அழுத்தத்தைப் பிடியுங்கள். டிரெய்லர் இல்லாத நாளிலும், பழைய டயர் தாங்கிய அளவுக்குக் கீழே போகாதீர்கள். எதற்கு வம்பு என்று எப்போதும் 80 வைப்பதும் சரியல்ல; காலி வண்டி துள்ளும், டயர் நடுவில் மட்டும் தேயும். உங்கள் வண்டி எல்டி டயரோடே வந்தது என்றால் கதவில் இருப்பதே சரி, அதை மாற்ற வேண்டாம்.

ரிம்மை மறப்பது

ரிம்முக்கும் சுமை வரம்பும் அழுத்த வரம்பும் உண்டு. டயர் 80 தாங்கும் என்பதற்காக ரிம் தாங்கும் என்று பொருளல்ல.

பெரிய டயர் போட்டால் அதிகம் இழுக்கலாம் என்று நினைப்பது

முடியாது. அச்சு, ஸ்பிரிங், பிரேக் எதுவும் மாறவில்லை.

சூடான டயரில் காற்றை இறக்குவது

அட்டவணையில் இருப்பது குளிர்ந்த டயருக்கான அழுத்தம். ஓடினால் அது ஏறத்தான் செய்யும், ஏறட்டும். வழியில் நிறுத்தி இறக்கினால் மறுநாள் காலை குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள்.

பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறதே என்று சேற்று டயர் எடுப்பது

உயரமான பட்டன்கள் தார்ச் சாலையில் சுமையோடு நெளியும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையில் ஒரு தயக்கம் தெரியும். டிரெய்லர் பின்னால் இருக்கும்போது அந்தத் தயக்கம் ஆட்டமாக மாறும். டயர் கனமாக இருப்பதால் எரிபொருளும் கூடும். வருடம் முழுக்கச் சேற்றில் வேலை செய்பவர்களுக்கு அது தேவை. முகாம் மைதானத்தின் கடைசிக் கொஞ்ச தூர மண் சாலைக்கு, நெடுஞ்சாலைக்கான எல்டி டயரே போதும்.

பிக்கப்பில் எஸ்டி டயர்

எஸ்டி என்பது டிரெய்லருக்கென்றே செய்த வகை. அது டிரெய்லருக்கு மட்டும்.

ஸ்டெப்னியை விட்டுவிடுவது

நாலு டயரையும் எல்டி ஆக்கிவிட்டு, அடியில் தொங்கும் பழைய டயரை யாரும் பார்ப்பதில்லை. டயரின் பக்கச் சுவரில் 'டிஓடி' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு எண்களைப் படியுங்கள்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் புதிதாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. பின் டயர் போனால் டிரெய்லரின் பாரம் அந்தப் பழைய கார் வகை டயரின் மேல்தான் வந்து உட்காரும். டயர் மாற்றும்போது ஐந்தாக வாங்குங்கள். பணம் இடிக்கிறது என்றால், ஸ்டெப்னியை முன்னால் மாட்டி, முன்னாலிருக்கும் எல்டி டயரைப் பின்னுக்கு மாற்றி, பக்கத்து ஊர்வரை மெதுவாகப் போங்கள்.